அவள் தம்பிக்கு நான் நேர்ந்த மொட்டை

அப்பார்ட்மென்ட் ஆபீஸ்காரர்கள் என் கதவில் ஒரு மஞ்சள் தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். என் வீட்டிலிருந்து கடுமையான வாசனை வருவதாகப் புகார் வந்திருக்கிறதாம். சமைக்கும்போது ஜன்னலைத் திறந்துவைத்தால் நல்லதாம். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளையே தாளித்துக் கொட்டியிருப்பேன். ஊரிலிருந்து துணிகளுக்கு நடுவே ஒளித்துக் கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டை வந்த புதிதில் ஒரே ஒரு தடவை வறுத்தேன். ஸ்மோக் அலாரம் அலறியது, எதிர்வீட்டு ஆள் அரைகுறை உடையோடு வெளியே ஓடிவந்தார், அத்தோடு மீதியைக் குப்பையில் போட்டுவிட்டேன். அது நடந்து மாதக்கணக்காகிவிட்டது. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆனால் வாசனை இருந்தது, அதை மறுக்க முடியாது. மாடிப்படியில் ஏற ஏற அதிகமானது. கருவாடு இல்லை. மீன் எண்ணெய் மாத்திரையை உடைத்து, பழைய விளக்கெண்ணெயில் கலந்து, வெயிலில் வைத்த மாதிரி ஒன்று. கையில் மஞ்சள் தாளோடு மோப்பம் பிடித்துக்கொண்டே போனேன். வேலை வெட்டி இல்லாதவளுக்கு அதைவிட வேறென்ன வேலை.

வேலை வெட்டி இல்லாதவள் என்பது வசவு இல்லை, என் விசாவே அதுதான். தொண்ணூறுகளின் பிற்பாதி. கல்யாணமாகி எச்-ஃபோரில் சுகர் லேண்டுக்கு வந்திருந்தேன். புருஷனோடு இருக்கலாம், சம்பாதிக்கக் கூடாது. என் கணவருக்கு ஹூஸ்டனில் ஒரு எனர்ஜி கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. விடியுமுன் ஃப்ரீவேயில் ஏறினால் இருட்டியபிறகுதான் இறங்குவார். கார் ஓட்டத் தெரியாத எனக்கு அந்த அப்பார்ட்மென்ட்டும் அதைச் சுற்றியிருந்த புல்வெளியும்தான் உலகம். எம்.எஸ்ஸி. படித்துவிட்டு நாள் முழுக்க டிவியில் வரும் ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேல்தளத்துக் கதவைத் தட்டினேன். திறந்தவளைப் பார்த்ததும் நேபாளத்துப் பெண் என்று நினைத்தேன். அகலமான முகம், சின்னக் கண்கள், என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். கதவுக்குள்ளிருந்து வந்த குளிர்க் காற்றில் எனக்குப் பல் கிட்டியது. வெளியே டெக்சாஸ் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவள் ஏசியைக் கடைசி வரைக்கும் திருகிவைத்து, கையில்லாத சட்டையோடு நின்றிருந்தாள். நான் தாளை நீட்டினேன். அவள் உள்ளே போய் அதே மாதிரி ஒரு மஞ்சள் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். அவளுக்கும் ஒட்டியிருக்கிறார்கள். யாரைச் சொல்வது என்று தெரியாமல், பார்க்க வெளிநாட்டுக்காரி மாதிரி இருந்த இரண்டு பேருக்கும் ஒட்டிவிட்டார்கள்.

"வாசனை என்னுதுதான்" என்றாள். நாங்கள் இருவரும் பேசியது இங்கிலீஷில்தான், எனக்கு நினைவிருக்கும் விதத்தில் எழுதுகிறேன். சமையலறைக்குக் கூட்டிப்போய் ஒரு கண்ணாடி ஜாடியைத் திறந்து காட்டினாள். சீல் என்கிற கடல் விலங்கின் எண்ணெய். அதில் காய்ந்த மீன் துண்டைத் தோய்த்துத் தானும் தின்று எனக்கும் ஒன்று நீட்டினாள். அவள் சாப்பிட்டதும் ஒரு வகைக் கருவாடுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாங்கிச் சாப்பிட்டேன். மீனை முழுங்கினேன், எண்ணெய் தொண்டையிலேயே நின்றது.

அவள் இனுயிட் இனத்துப் பெண். நாம் பள்ளிப் பாடத்தில் எஸ்கிமோ என்று படித்தோமே, அவர்கள். அலாஸ்காவின் வடக்கு முனையில், கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊர். அங்கே எண்ணெய் எடுக்க வந்த ஒரு அமெரிக்கரைக் கட்டிக்கொண்டாள். அவரைக் கம்பெனி ஹூஸ்டனுக்கு மாற்றியது, இவளும் கூட வந்தாள். அவரும் விடியுமுன் போய் இருட்டியபிறகு வருகிறவர்தான். எங்கள் கதை அங்கே ஒன்றானது.

மறுநாளிலிருந்து மத்தியானம் ஆனால் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மேலே போய்விடுவேன். முதலில் எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்தவளை வா என்றுகூடச் சொல்ல மாட்டாள். கதவைத் திறந்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். நான் ஏதாவது கேட்டால் பதில், இல்லையென்றால் மௌனம். எங்கள் ஊரில் இப்படி உட்கார்ந்திருந்தால் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். ஒருநாள் கேட்டேவிட்டேன். "நான் வர்றது உனக்குத் தொந்தரவா?"

அவள் ஆச்சரியப்பட்டாள். "நீ வந்திருக்கேல்ல. இதுக்கு மேல என்ன பேசணும்?"

அவர்கள் ஊரில் விருந்தாளி வருவது பேசுவதற்கு இல்லையாம். வருவது, உட்காருவது, சேர்ந்து இருப்பது, கிளம்புவது. அவ்வளவுதான். எனக்கு அது பழக ஒரு மாதம் ஆனது. பழகியபிறகு, இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து யாரும் என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்ததே இல்லை என்பது தெரிந்தது. வீக்கெண்டில் ஆளுக்கொரு சமையல் கொண்டுவரும் பாட்லக்கில் ஆன்ட்டிகள் பேசுவார்கள், நிறையப் பேசுவார்கள், எப்போது விசேஷம் என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு அடுத்த பாத்திரத்துக்குப் போய்விடுவார்கள்.

அவள் பேசினால் குளிர்காலத்தைப் பற்றித்தான் பேசுவாள். அங்கே நவம்பரில் மறையும் சூரியன் ஜனவரியில்தான் தலைகாட்டுமாம். நடுவில் மத்தியானம் மட்டும் கொஞ்சம் நீல வெளிச்சம். கடல் உறைந்து தரையோடு தரையாகிவிடும். அவள் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது கல் விளக்கில் சீல் எண்ணெய் ஊற்றி, அதிலேயே வெளிச்சம், அதிலேயே சூடு, அதிலேயே சமையல். இப்போது ஹீட்டர், டிவி எல்லாம் உண்டு. ஆனாலும் சீல் இல்லாமல் குளிர்காலம் நகராது என்றாள். நம் பாடப்புத்தகத்தில் கடல்நாய் என்று படம் போட்டிருக்கும். அதை ஒருத்தர் இவ்வளவு ஆசையாகப் பேசுவார் என்று நான் நினைத்ததில்லை.

அவளுக்கு ஒரே தம்பி. அவன்தான் வேட்டைக்காரன். அவனைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் உட்கார்ந்தவள் எழுந்துவிடுவாள். சமையலறைத் தரையில் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, இதுதான் ஐஸில் இருக்கும் மூச்சு ஓட்டை என்பாள். சீல் தண்ணீருக்கு அடியிலேயே இருக்க முடியாது, மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். அதற்காக நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஐஸில் ஓட்டைகளை அடைபடாமல் வைத்திருக்கும். மேலே பனி மூடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்து, காலடியில் சத்தம் வராமலிருக்க ஒரு தோல் துண்டைப் போட்டு, அதன்மேல் குனிந்து நிற்க வேண்டும். ஓட்டையில் ஒரு மெல்லிய இறகு. சீல் வந்து மூச்சுவிட்டால் இறகு ஆடும். அப்போது ஈட்டியை நேராகக் கீழே இறக்க வேண்டும். ஆடும் வரைக்கும் அசையக் கூடாது.

"எவ்வளவு நேரம்?"

"வர்ற வரைக்கும்."

"வரலன்னா?"

"வேற ஓட்டைக்குப் போயிருக்கும். அதுக்கு நிறைய ஓட்டை இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரேஷன் கடை க்யூவில் நிற்பவர்களுக்காவது முன்னால் ஒரு முதுகு தெரியும் என்றேன். ரேஷன் கடை என்றால் என்ன என்று அவளுக்கு விளக்க அந்த மத்தியானம் முழுக்கத் தேவைப்பட்டது. இப்போது பலபேர் துப்பாக்கி எடுத்துக்கொண்டு தண்ணீர் திறந்திருக்கும் இடத்துக்குப் போய்விடுகிறார்கள், தம்பியும் போவான், ஆனால் அவனுக்கு இந்த ஓட்டை மேல் நிற்பதுதான் பிடிக்கும் என்றாள். பிடித்த சீலை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதன் வாயில் நல்ல தண்ணீர் கொஞ்சம் ஊற்றுவார்கள். வாழ்நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் கிடந்ததுக்குத் தாகமாக இருக்குமாம். ஊற்றுவது பெண்களின் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் அவள்தான் தம்பிக்காக ஊற்றியிருக்கிறாள்.

அப்புறம் பங்கு. சீலை அறுத்தால் எந்தத் துண்டு யாருக்கு என்பது முன்னமே முடிவான விஷயம். அக்காவுக்கு என்று ஒரு பங்கு. அவள் டெக்சாஸுக்கு வந்துவிட்டாள் என்பதற்காக அந்தப் பங்கை வேறு யாரும் தின்றுவிட முடியாது. ஃப்ரீசரில் சேர்த்துவைத்து, ஐஸ் பெட்டியில் அடைத்து, விமானத்தில் அனுப்புவான். அந்தப் பெட்டி வந்த அன்றைக்குத்தான் எங்கள் இரண்டு கதவிலும் மஞ்சள் தாள் ஏறியிருக்கிறது.

எங்கள் வீட்டில் மூன்றும் பெண்கள். எனக்குக் கூடப் பிறந்தவன் கிடையாது. அவள் அந்தப் பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு பொட்டலமாக ஃப்ரீசரில் அடுக்கியதை நினைத்துப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. வெளியே சொல்லவில்லை. அவள் தம்பி எப்படி இருப்பான், என்ன சொல்லுவான், பாட்டு பாடுவானா, கல்யாணம் ஆனதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆகவில்லை, தோள் வரைக்கும் முடி வளர்த்திருக்கிறான், அதை வெட்டச் சொன்னால் கோபம் வரும் என்றாள்.

பிப்ரவரியில் ஒருநாள் மேலே போனேன். கதவு சாத்தாமலே இருந்தது. அவள் போனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஏசி ஓடவில்லை. முகத்தைப் பார்த்ததும் ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தது.

தம்பி ஐஸுக்குப் போனவன் திரும்பவில்லை. கரையோடு ஒட்டியிருக்கும் ஐஸ் நிலம் மாதிரி உறுதி. அதற்கு அப்பால் இருப்பது மிதப்பது. நிலத்திலிருந்து கடலைப் பார்த்துப் பலமான காற்று அடித்தால் இரண்டுக்கும் நடுவே வெடித்துப் பிளந்துவிடும். அன்றைக்கு அடித்தது. அவன் நின்ற பக்கம் ஐஸோடு சேர்ந்து கடலுக்குள் போய்விட்டது. கரையில் நின்ற ஒருவர் அவன் தூரத்தில் கையைத் தூக்கிக் காட்டியதைப் பார்த்தாராம். அப்புறம் மூடுபனி.

"ஒண்ணும் ஆகாது" என்றேன். அவள் தலையை அசைத்தாள், ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. நான் கையோடு ஒரு புடவைக்கு ஃபால்ஸ் தைக்க எடுத்துப் போயிருந்தேன். ஊசியை எடுத்ததும் அவள் என் கையைப் பிடித்தாள்.

"தைக்காத. ஆம்பளைங்க ஐஸ் மேல இருக்கும்போது தைக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லுவா."

ஏன் என்று நான் கேட்கவில்லை. ஊருக்குக் கிளம்பியவர் போய்ச் சேரும் வரைக்கும் வீட்டைப் பெருக்காதே, தலைக்குக் குளிக்காதே என்று சொல்லும் வீட்டில் பிறந்தவளுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. புடவையை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

போன் அடிக்கும். அவள் எடுப்பாள், கேட்பாள், வைப்பாள். ஊர் முழுக்கத் தேடுகிறது. ஸ்னோமொபைலில் கரையோரம் முழுக்கப் போகிறார்கள், ஹெலிகாப்டர் வந்திருக்கிறது, மூடுபனியால் மேலே ஏற முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பெண்கள் தேடுபவர்களுக்குச் சமைக்கிறார்கள். தேடாதவர் என்று ஒருவர்கூட இல்லை. ஒவ்வொரு தடவையும் இதையே இரண்டு வாக்கியத்தில் சொல்வாள். அழவில்லை. நான் ரசம் சாதம் கரைத்துக் கொண்டுபோனேன், நாலு வாய் குடித்தாள்.

என் கணவருக்கு விஷயத்தைச் சொன்னேன். "பாவம்" என்றார். சாக்ஸைக் கழற்றிக்கொண்டே, "நீ ரொம்ப இன்வால்வ் ஆகாத. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னால தாங்க முடியாது" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

மறுநாளும் செய்தி இல்லை. அவளோடு பேசாமல் உட்காரப் பழகியிருந்த எனக்கு அன்று வாய் சும்மா இருக்க மறுத்தது. பாத்திரம் கழுவுகிறேன் என்று சிங்க்குக்கு முன்னால் போய் நின்று, தண்ணீரைத் திறந்துவிட்டு, எங்கள் ஊர் மாரியம்மனிடம் மனசுக்குள் பேச ஆரம்பித்தேன். முதலில் நூற்றியெட்டுத் தேங்காய் என்றேன். அலாஸ்கா வரைக்கும் போக அது போதாது என்று தோன்றியது. பொங்கல் வைக்கிறேன் என்றேன். அப்போது பக்கத்து அறையில் போன் அடித்தது. அவள் எடுத்தாள், வைத்தாள். "அம்மா, அந்தப் பையனைக் கரை சேத்துடு, அவன் தலைமுடியை உனக்குக் காணிக்கையாத் தரேன்" என்று சொல்லிவிட்டேன்.

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். ஆனால் நம் ஊரில் யார்தான் சொந்தத் தலையை நேர்ந்துகொள்கிறார்கள்? எனக்குக் காய்ச்சல் என்றால் அம்மா என் முடியை நேர்ந்துவிடுவாள். அப்பாவுக்கு வேலை மாற்றல் என்றாலும் என் முடிதான். ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் என் சடை பிடரியைத் தாண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில், முன்பின் பார்த்தறியாத, தன் முடியைத் தொடவே விடாத ஒரு ஆம்பிளையின் தலையை அம்மனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். சொன்னபிறகு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் போன் வந்தது. அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர்கள் பாஷையில் ஒரே ஒரு சொல் சொன்னாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நடந்து வந்துக்கிட்டிருந்தானாம்."

காற்று திரும்பி, மிதந்த ஐஸைக் கரையோடு கொண்டுவந்து முட்டியிருக்கிறது. அது வரைக்கும் பனியைக் குடைந்து அதில் படுத்திருக்கிறான். போன அன்றைக்கே ஒரு சீலைப் பிடித்திருந்தான், அதைத் தின்றே உயிர் பிழைத்திருக்கிறான். குளிரில் விறைத்துக் கால் விரல் இரண்டு போய்விட்டது. தேடப் போனவர்கள் எதிரே வந்தவனைப் பார்த்தபோது, அவன் மிச்சமிருந்த சீலை இழுத்துக்கொண்டு வந்தானாம். பங்கு கொடுக்க வேண்டுமே.

இரண்டு பேரும் அழுதோம். அப்புறம், அம்மனிடம் பேசிவிட்ட விஷயத்தை மறைக்க முடியாமல், முடியைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"உங்க அம்மனுக்கு அவனை எப்படித் தெரியும்?"

"அடையாளம் சொன்னேன். வடக்க, ஐஸ் மேல, தோள் வரைக்கும் முடியோட ஒருத்தன்னு."

அவள் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. உடனே போனை எடுத்து யாரிடமோ அவர்கள் பாஷையில் சொன்னாள். அந்தப் பக்கமிருந்து எழுந்த சிரிப்பு எனக்கும் கேட்டது.

அந்த வாரமே தம்பியைப் பார்க்கக் கிளம்பினாள். சீக்கிரம் வருவேன் என்றாள். நான் ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை, யார் என்னைக் கூட்டிப்போவது? அவள் போய்ச் சேரும் வரைக்கும் என் வீட்டைப் பெருக்காமல் வைத்திருந்தேன்.

அவள் வரவில்லை. அவள் கணவரை ஒருநாள் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் பார்த்தேன். ஐஸ் உருகும் வரைக்கும் இருப்பாள் என்றார். ஐஸ் உருகும் காலமும் வந்துபோனது. ஜூன் மாதத்தில் அவர் ஒரு ட்ரக்கில் சாமானையெல்லாம் ஏற்றினார். அவருக்கு வேலை மாற்றல் வந்துவிட்டதாம், எங்கே என்று நான் கேட்கவில்லை. அவர்களுக்குள் என்ன என்றும் கேட்கவில்லை. மேல்வீட்டுக்கு வந்தவன் எந்நேரமும் வாக்யூம் போடுகிறவன்.

அந்தக் கோடையில் நான் தனியாக இருந்ததைப்போல் அதற்கு முன்போ பின்போ இருந்ததில்லை. தனிமை என்பது எனக்குப் புதிது இல்லை. ஆனால் நடுவில் ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டால் அது வேறு மாதிரி வலிக்கிறது. மத்தியானம் அந்த நேரமானால் எழுந்து ஸ்வெட்டரைத் தேடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் பேசும்போது அம்மா, "என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு" என்பாள். "லைன் சரியில்ல" என்பேன்.

ஜூலையில் என் பெயருக்கு ஒரு சின்னப் பெட்டி வந்தது. மேலே அலாஸ்கா விலாசமும் ஒரு போன் நம்பரும். உள்ளே ஜிப்லாக் பையில் தடித்த நூலால் கட்டிய ஒரு கற்றை முடி. முழ நீளம், கரிய நிறம். பிரித்ததும் அதே எண்ணெய் வாசனை.

என் கணவர் அதைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "என்னது இது?"

"வேண்டுதல் முடி. ஊர்க் கோயில்ல சேக்கணும்."

"க்ரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கு. இப்ப நாட்டை விட்டு வெளிய போனா ரிஸ்க். அது வரைக்கும் இது நம்ம வீட்லயா இருக்கப்போகுது?"

சாமி அலமாரியில்தான் இருந்தது. ஹூஸ்டன் பக்கம் கோயிலுக்குப் போனபோது குருக்களிடம் கேட்டேன். "ஆளில்லாம முடி மட்டும் வந்திருக்கா?" என்று யோசித்தார். "ஒண்ணு செய்யுங்கோ. கடல்ல சேத்துடுங்கோ. அம்பாளுக்கே போய்ச் சேரும்" என்றார். கடல் என்றால் கால்வெஸ்டன். என் கணவர் அடுத்த வீக்கெண்ட் என்றார். அடுத்த வீக்கெண்ட் அவருக்கு ஆபீஸில் ரிலீஸ். அதற்கடுத்தது இன்னொருத்தர் வீட்டு சீமந்தம். இப்படியே அக்டோபர் வந்துவிட்டது.

இதற்குள் நான் கார் ஓட்டப் படித்து லைசென்ஸ் வாங்கியிருந்தேன். கற்றுக்கொடுத்தவர் என் கணவர். அந்தச் சண்டைகளை எழுதினால் அதுவே ஒரு புத்தகமாகும். லைசென்ஸ் இருந்தாலும் மளிகைக் கடையைத் தாண்டி நான் ஓட்டியதில்லை. ஒரு வியாழக்கிழமை அவர் நண்பரோடு கார்பூலில் போய்விட்டார், எங்கள் கார் கீழே நின்றது. குளித்து, விளக்கேற்றி, முடியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆறாம் நம்பர் ஹைவேயில் ஏறிக் கடைசி வரைக்கும் போனால் நாற்பத்தைந்தாம் நம்பர் ஃப்ரீவே, அப்புறம் பாலம், அதன் முடிவில் கால்வெஸ்டன். மேப்பைப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். ஃப்ரீவேயில் பெரிய ட்ரக் ஒன்று என்னை உரசிக் கடந்தபோது அம்மனைக் கூப்பிட்டேன். இன்னொரு மொட்டை நேரவும் வாய் வந்தது. காருக்குள் இருந்த ஒரே தலை என்னுடையது என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

வேலை நாள், கடற்கரையில் ஆளில்லை. பழுப்புத் தண்ணீர், காலை வைத்தால் வெதுவெதுப்பு. பையைப் பிரித்து, அம்மனை நினைத்து, முடியை வீசினேன். அடுத்த அலை அதைக் கொண்டுவந்து என் காலடியிலேயே போட்டது. எடுத்து மறுபடி வீசினேன், மறுபடி வந்தது. முழங்காலுக்கு மேல் சுடிதார் நனைய நடந்து போய், நூலை அவிழ்த்து, தண்ணீருக்குள் கையை வைத்து விட்டேன். பிரிந்து, நீண்டு, கொஞ்ச நேரம் விரலைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டுப் போனது.

அங்கேயே நின்று அழுதேன். வேண்டுதல் தீர்ந்துவிட்டது, அதற்கு அழவில்லை. இதைச் செய்துவிட்டேன் என்று சொல்ல ஒருத்தர் இல்லை, அதற்குத்தான் அழுதேன். அந்த நேரத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அலை என்னை இழுத்துக்கொண்டு போனாலும் இருட்டும் வரைக்கும் யாரும் தேடப்போவதில்லை. அவனை ஒரு ஊரே தேடியது.

வீட்டுக்கு வந்து, காலில் ஒட்டிய மணலைக்கூடக் கழுவாமல், பெட்டியிலிருந்த நம்பருக்குப் போன் செய்தேன். அத்தனை நாள் அதைச் செய்யாததற்குக் காரணம் கூச்சம்தான். ஒரு ஆண் குரல் எடுத்தது. அவளைக் கேட்டேன்.

"அவ இல்ல. காரிபூ மான் வேட்டைக்கு ஆத்துப்பக்கம் போயிருக்காங்க. வர ஒரு வாரம் ஆகும்."

"நான் டெக்சாஸ்ல இருந்து பேசறேன். முடி..."

"அது என்னுதுதான்" என்றான்.

"போய்ச் சேந்துடுச்சு. இங்க கடல்ல விட்டேன்" என்றேன்.

"இரு" என்றான். வேறு எதிலோ அவர்கள் பாஷையில் பேசினான். கரகரவென்று ஒரு சத்தம், அதற்குள்ளிருந்து ஒரு குரல், இன்னொரு குரல், ஒரு சிரிப்பு. என்ன அது என்று கேட்டேன். ஊரில் எல்லாச் சமையலறையிலும் ஒரு ரேடியோ நாள் முழுக்கத் திறந்தே இருக்கும், ஒருவர் பேசினால் எல்லாருக்கும் கேட்கும், நீ சொன்னதை அதில் சொல்லிவிட்டேன் என்றான்.

"தண்ணி எப்படி இருந்துச்சுன்னு கேக்குறாங்க."

"வெதுவெதுன்னு இருந்துச்சு."

அதைச் சொன்னதும் ரேடியோவில் பல குரல்கள் சேர்ந்து சிரித்தன. ஐஸில் வளர்ந்த முடி வெந்நீரில் கிடக்கிறதே, பாவம் என்கிறார்களாம். நானும் சிரித்துவிட்டேன். அப்போது ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது. சிரிப்பு நின்றது.

"யார் கூடப் போனேன்னு கேக்குறாங்க."

"யாரும் இல்ல. தனியாத்தான்."

"யார்கிட்ட சொல்லிட்டுப் போனே?"

"யார்கிட்டயும் சொல்லல."

அவன் அதை அவர்களிடம் சொன்னான். அதே பெண் குரல், கொஞ்சம் கண்டிப்பாக, நாலைந்து சொற்கள் பேசியது.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"கடலுக்குப் போறவங்க சொல்லிட்டுத்தான் போகணுமாம். அடுத்த தடவை கிளம்புறதுக்கு முன்னாடி நீ இங்க போன் பண்ணணும். திரும்பி வந்ததும் பண்ணணும். பண்ணலன்னா அவங்க தேட ஆரம்பிச்சிடுவாங்களாம்."

சரி என்றேன். போனைக் காதிலிருந்து எடுக்காமல் தரையில் உட்கார்ந்துகொண்டேன், அவனும் வைக்கவில்லை.